சொடக்கில் நிமிரும் முதுகு

தன் முதுகை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அது நிமிர்ந்து திரும்பி வரும் என்று காத்திருக்கும் மனித இனம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு சோபாவிலும் ஒன்று சுருண்டு கிடக்கும், தேடிப் பாருங்கள்.

நம் ஆள் கோட்டு விற்கும் கடையில் விற்பனையாளர். எந்தக் கோட்டையும் தானே போட்டுக் காட்டித்தான் விற்பார். அப்படியொரு தோள்! கடையில் அவருக்கு ‘ஹேங்கர்’ என்றே பெயர். ஆனால் ஓய்வு நேரமெல்லாம் போனில் தலையைக் கவிழ்த்துக் கவிழ்த்து மேல்முதுகு கூனிப்போக, இப்போது எதைப் போட்டாலும் பின்பக்கம் ஒரு சாண் தூக்கிக்கொள்கிறது. முதலாளி பொறுத்துப் பார்த்தார்.

“மாசக் கடைசிக்குள்ள முதுகை நிமிர்த்துங்க. இல்லேன்னா குடோனுக்குப் போயிடுங்க.”

ஹேங்கருக்குக் குடோன் சரிப்படுமா? கண்ணாடி முன்னால் நின்று நாலு பேர் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றுவதற்காகவே தினமும் வேலைக்கு வருகிற மனிதர் அவர். பிசியோதெரபி அம்மாவிடம் ஓடினார். அந்த அம்மா குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

மடக்!

எழுந்தார், நிமிர்ந்தார், கண் கலங்கினார்.

“இது கொஞ்சம் இளக்கிவிட்டதுதான் சார். வீட்டுல தினமும் பயிற்சி செஞ்சாத்தான் நிலைக்கும்,” என்று சொல்லி, சுவரில் முதுகை ஒட்டிக் கைகளை ஏற்றி இறக்கவும், ரப்பர் பட்டையை மார்புக்கு நேராக இழுக்கவும் சொல்லிக்கொடுத்தார் அந்த அம்மா. கேட்டாரா? அந்தச் சத்தம் கேட்ட காதில் வேறு எதுவும் ஏறவில்லை.

ரப்பர் பட்டை வீட்டில் துணி காயப்போடும் கொடியாயிற்று. பயிற்சி வீடியோக்களை மட்டும் ஒன்றுவிடாமல் பார்த்தார், கட்டிலில் சுருண்டுகொண்டு, தாடை நெஞ்சில் இடிக்க.

“பயிற்சி பண்ணலையா?” என்றாள் மனைவி.

“இப்பத்தான் நாலு முடிச்சேன்.”

“பண்ணீங்களா, பாத்தீங்களா?”

“மொதல்ல மூளைக்குப் புரியணும்டி!”

கடையிலோ, மிஷினில் குனிந்திருந்த தையல் மாஸ்டருக்கு நாள் தவறாமல் உபதேசம். “நிமிருங்க மாஸ்டர்! மனுஷனுக்கு முதுகெலும்புதான் எல்லாம்!”

மாதக் கடைசி வந்தது. காலையிலேயே பிசியோதெரபி அம்மாவிடம் போய் முதுகில் ஒரு மடக் வாங்கிக்கொண்டு கம்பம்போல வெளியே வந்தார். இந்தப் பெருமையைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாமா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்து, பெரியப்பா முதல் சகலைவரை ஒவ்வொருவருக்கும் ‘விடாமுயற்சியே வெற்றி’ என்று தட்டி அனுப்பி, வந்த பதில்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கடை வந்துவிட்டது. முதலாளி அவருக்குப் புதுக் கோட்டு ஒன்றை மாட்டிப் பார்த்தார். பின்பக்கம் அதே ஒரு சாண்.

“காலைல நேராத்தான் இருந்துச்சு முதலாளி! அந்தம்மாதான் சரியா அழுத்தல!”

இப்போது அவர் குடோனில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி முன்னால் அவர் நின்ற இடத்தில் தலையில்லாத பொம்மை ஒன்று நிற்கிறது. அதற்கு முதுகு நேர். போன் பார்க்கத் தலையும் இல்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போதே சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். கவனித்தேன், சந்தோஷம். ஆனால் உங்கள் மைத்துனருக்கு இதை உடனே அனுப்பியாக வேண்டும் என்று, இதோ, போனை நோக்கிக் குனிகிறீர்களே!