ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே போகிறவர்

கவலைப்படுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கவலையே படாதவர்களையும் எங்காவது பார்த்திருப்பீர்கள். நான் இங்கே அறிமுகப்படுத்தப் போவது மூன்றாவது இனத்தை. கவலையைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் அதைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறாரா என்று பின்னாலேயே போய் நிற்கிறவர்.

உகாண்டாவில், எங்கள் முகோனோவில் எந்தச் சபைக்குப் போனாலும் இப்படி ஒருவரையாவது பார்க்கலாம். எங்கள் சபைக்கு வாய்த்தவர் எரிசா லுயிம்பாசி. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்தால் முதலில் எழுந்து, "சகோதரரே, நான் கவலையை விட்டுட்டேன்" என்பார். நாங்களும் கைதட்டுவோம். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மேகம் இருந்தால் வெள்ளம் வரும் என்பார். இல்லையென்றால் வாழையெல்லாம் காய்ந்துவிடும் என்பார்.

"இப்பத்தானே விட்டுட்டேன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கவலையா? யாரு பட்டா? தகவல் சொன்னேன்ப்பா."

அவருடைய ஜெபத்தை நீங்கள் கேட்டதில்லையே? "ஆண்டவரே, எம் பொண்ணு இன்னிக்கு ம்பராராவுக்கு பஸ்ல போறா. மசாகா தாண்டினதும் ஒரு வளைவு வரும், இடது கைப் பக்கம் பள்ளம். டிரைவர் அங்கதான் கண் அசருவான். கொஞ்சம் தட்டி எழுப்பி விடும். முன் டயரையும் ஒரு பார்வை பார்த்துடும்." கர்த்தர் இந்தப் பக்கத்துக்குப் புதிது என்பதுபோல வழி சொல்லுவார்.

இப்படி இருந்தவருடைய மனைவி எசெரிக்குக் கழுத்தில் கழலை வந்தது. எசெரி எங்கள் பாடகர் குழுவின் முதல் குரல். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் தூங்குகிற குழந்தைகூட எழுந்து உட்கார்ந்து கேட்கும். கழலையை வெட்டி எடுக்க வேண்டும், எடுக்கும்போது அபூர்வமாகச் சிலருக்குக் குரல் போய்விடுவது உண்டு என்றார் டாக்டர். எசெரி, "கொடுத்தவரு பாத்துக்குவாரு. எடுத்துடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்கு வாழைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு எரிசா எழுந்து நின்று, இந்த விஷயத்தை முழுக்க முழுக்க ஒப்படைத்தாயிற்று, தனக்கு இதில் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சாட்சி சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

கைதட்டல் அடங்கியதும் என் பிக்கப் வண்டியைக் கேட்டார்.

ஆபரேஷன் நாள் காலையில் அந்த வண்டியில் என்னென்ன ஏறியது என்கிறீர்கள்? முன்னால் வண்டி ஓட்டுகிற நானும் எசெரியும். பின்னால் ஒரு ஜெனரேட்டர், அதற்கு டீசல், ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் டார்ச் லைட்டுகள், டார்ச் லைட் மக்கர் பண்ணினால் மண்ணெண்ணெய் விளக்கு, கேன் கேனாகத் தண்ணீர், எதற்கென்று அவருக்கே தெரியாத ஒரு கயிறு, இவற்றையெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசுவாசத்தோடு எரிசா.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் நபுகேரா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஐயா, இங்க ஜெனரேட்டர் இருக்கு."

"இருக்கும்மா. அதுல டீசல் இருக்கா?"

"இருக்கு."

"நீ கண்ணால பாத்தியா?"

"நீங்க சாமி கும்பிடுறவரு மாதிரி தெரியுதே?"

"கும்பிடுறதுனாலதான் கேக்கறேன். கர்த்தர் வெளிச்சம் தருவாரு. டீசல் நாமதானே ஊத்தணும்?"

அவள் போய் டீசலைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்க்காமல் விடுவாரா?

அடுத்து டாக்டர் மாட்டினார். "டாக்டர், நேத்து நல்லாத் தூங்கினீங்களா? காலைல சாப்டாச்சா? வீட்ல சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையே? கையை இப்படி நீட்டுங்க, நடுங்குதான்னு பாப்போம்." டாக்டர் பாவம், நீட்டினார். டாக்டரின் கை ஆடவில்லை. அதைப் பிடித்துப் பார்த்த கைதான் ஆடியது.

தள்ளுவண்டியில் படுத்திருந்த எசெரிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, இங்க வாங்க. கத்தி எனக்கா, உங்களுக்கா?"

"உனக்குத்தான்."

"அப்ப நடுங்க வேண்டியது யாரு? போய் உக்காருங்க." பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் கேட்க, ஒரு பாட்டின் முதல் அடியை மெதுவாகப் பாடினாள். கதவு மூடிக்கொண்டது.

எரிசா உட்காரவில்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்தார். காதை வைத்தார். மூக்கையும் வைத்துப் பார்த்தார். பிறகு சுவரோடு சாய்ந்தபடியே, மூட்டை சரிவது போலச் சரிந்து தரையில் கிடந்தார்.

நபுகேரா ஓடி வந்து பார்த்தாள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. கட்டிலில் போட்டு, கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றி, "அசையக் கூடாது. அசைஞ்சா அந்தக் கயித்தாலயே கட்டிப் போட்டுருவேன்" என்றாள்.

எட்டிப் பார்க்கக் கதவு இல்லை. சோதித்துப் பார்க்க டீசல் இல்லை. எரிசா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உதடு அசைந்தது. இப்போது யாருக்கு வழி சொல்லப் போகிறாரோ என்று குனிந்து கேட்டேன். "ஆண்டவரே, என்னால முடியல" என்றார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. "அவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. நீரே பாத்துக்கும்." அவ்வளவுதான். வளைவு, பள்ளம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். அப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல்? எசெரியைக் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டாக்டரும் நர்ஸும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணைத் திறந்தாள். குறட்டை வந்த திசையில் திரும்பினாள். கரகரவென்று, ஆனால் தெளிவாகக் கேட்டாள்:

"இவரு ஏன் இங்க படுத்திருக்காரு? யாரு இவருக்குக் கஞ்சி குடுக்கறது?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எரிசா எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த மாதம் எசெரி மறுபடி பாடகர் குழுவில் நின்றாள். எரிசா சாட்சி சொல்ல எழுந்தார். கர்த்தர் தனக்குக் கொடுத்த சமாதானத்தைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. இந்தமுறை நாங்கள் மனதாரக் கைதட்டினோம். வெளியே வந்ததும் என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"ஒரு மாசமா மனசுல ஒண்ணுமே இல்லப்பா. படுத்தா தூக்கம் வருது, பசிச்சா சாப்பிடறேன். பொண்டாட்டி கத்திக்குக் கீழ இருக்கறப்பவே தூங்கிட்டேனே! இது ஏதாவது வியாதியா இருக்குமோ? வண்டியக் கொஞ்சம் குடேன், ஆஸ்பத்திரி வரைக்கும் போய்க் காட்டிட்டு வந்துடறேன்."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, ஜெபித்து முடித்ததும் போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிடுகிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் படித்துக்கொண்டே வரும்போது, "ஒருவேளை நானும் இந்த இனமோ" என்று உள்ளுக்குள் லேசாக ஒரு கவலை தட்டியிருக்குமே?

தட்டியிருந்தால், சந்தேகமே வேண்டாம்.