ஊரறியக் கொடுத்த பால்

இல்லை சுபைதா, மைக் ராத்தாவைப் போல ஒருத்தியைத்தான் அல்லாஹ் கல்முனைக்குக் கொடுத்தான். இரண்டு பேரைக் கொடுத்திருந்தால் ஊருக்கே காது போயிருக்கும். நீ இந்தத் தெருவுக்குப் புதிசு, அதனால்தான் அவள் யார் என்று கேட்கிறாய். அவள் தன் வீட்டுக் குசினிக்குள் நின்று கதைத்தால் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஆனாலும் ஊரே அக்கா முறை வைத்து ராத்தா என்கிறது, நானும் ராத்தா என்கிறேன்.

அவள் மடியில் எப்போதும் ஒரு கைப்பிள்ளை இருக்கும். பாலுக்குக் குறைவே இல்லை. எந்தப் பிள்ளை பசியில் அழுதாலும் போய்க் கொடுப்பாள். ஆனால் கொடுக்க முன்னம் ஊருக்குச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குள் வழக்கம் உனக்குத் தெரியும்தானே: ஒருத்தியிடம் பல தடவை வயிறாரக் குடித்த பிள்ளை அவளுக்கும் பிள்ளை. அவளிடம் குடித்த பிள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்ததுகள். பிறகு அதுகளுக்குள் கலியாணம் இல்லை. மற்றவர்கள் இதைச் சொந்தக்காரரிடம் சொல்லி வைப்பார்கள். இவள் வாசல் படலையில் நின்று கத்துவாள்.

ஒருமுறை பொத்துவில் பஸ்ஸில் வரிப்பத்தான்சேனைக்காரி ஒருத்தியின் பிள்ளை வீரிட்டு அழுதது. தாய்க்குத் தலைச்சுற்று. ராத்தா எழும்பி நின்று கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! வரிப்பத்தான்சேனைப் புள்ளைக்கு நான் பால் குடுக்கப் போறன். நீங்கதான் சாட்சி!"

"நான் ட்ரைவரா, சாட்சியா?" என்று ட்ரைவர் கேட்டார்.

"ரெண்டும்தான். ரோட்டப் பாத்துக்கிட்டே கேளுங்க."

பின் சீட்டிலிருந்து ஒரு மௌலவி, "ஒருக்காக் குடிச்சா அந்த உறவு வராதும்மா" என்றார்.

"வராட்டி வராம இரிக்கட்டும் ஹஸரத். சொல்லி வைக்கிறதுல என்ன நட்டம்?"

இன்றைக்கும் பெருநாளைக்கு அந்தப் பிள்ளைக்குச் சட்டை கொண்டுபோகிறாள்.

மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வட்டிலப்பத்தில் கரண்டி வைக்கிற நேரம் இவள் உள்ளே போய் நின்றாள்.

"மாப்பிள்ள ஆருட பால் குடிச்ச?"

"என்ட பால்தான்கா!" என்று மாப்பிள்ளையின் உம்மா கொதித்தாள்.

"முழுக்கவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த மனுசி யோசித்தாள் பார், அதுதான் பிழை. மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வீடு விசாரித்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி எடுத்தார்.

நானும் சிரித்தேன். என் வீட்டு வாசலுக்கு வரும்வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

என் மகளுக்கு ஆண் பிள்ளை கிடைத்தது. வீட்டுக்கு வந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல். திரும்ப ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மறித்துவிட்டார்கள். குடிக்கிற மருந்து கடுமை, முடியும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் கக்கினான். டாக்டர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, தாய்ப்பால் கிடைத்தால் தேறுவான் என்றார். நான் ராத்தாவுக்கு ஆள் அனுப்பினேன். அவள் வர முன்னமே என் சம்பந்தி, மருமகனின் உம்மா ஆசியா, வந்து வாசலை மறித்து நின்றுவிட்டாள். ராத்தா படலைக்குள் நுழைந்ததும் தொடங்கினாள்.

"என்ட மகள்ர புள்ளையும் இவளுக்கிட்டத்தான் குடிச்சது. இவனும் குடிச்சா ரெண்டும் கூடப்பொறப்பு. இவனுக்கு அவள எண்டு நான் மனசுல முடிச்சு வெச்சிரிக்கன்!"

"மாமி, ஒங்கட மாப்பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கல்லையே" என்றாள் ராத்தா.

"பகிடி உடாத. மச்சான் மச்சி முடிக்கிற எங்கட குடும்பத்து வழக்கம்."

"ஓம், வழக்கம்தான். நீங்க ஓம் எண்டு சொல்லாம நான் புள்ளையத் தொட மாட்டன். நாளைக்கு என்னை ஏசக் கூடாது."

"கெதியா ஒரு முடிவு சொல்லுங்க" என்று நான் இருவரையும் கெஞ்சினேன். என் தோளில் கிடந்து அவன் அழுகிறான். இவர்கள் அவனுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அழுகை மெல்ல மெல்லச் சுருங்கிப் பூனைக்குட்டிச் சத்தமாகி, பிறகு அதுவும் நின்றது. அழுதபோது இல்லாத பயம் அப்போதுதான் வந்தது, சுபைதா. வாய் ஏதோ ஓதியது.

ராத்தாவின் சட்டை முன்பக்கம் தானாகவே நனைந்து பரவியது. ஆசியா அதைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள்.

"குடுகா," என்றாள். "பொண்ணுக்கு எங்கயாவது வேற மாப்பிள்ள பாப்பம்."

ராத்தா உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். பழக்க தோஷத்தில் ஊருக்குச் சொல்ல வாயைத் திறந்தாள். பிள்ளை அப்போதுதான் பிடித்திருந்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அவன் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் நிலத்தில் இருந்து அழுதேன்.

பிறகு பார்த்தால் படலையில் ஆசியா. தெருவைப் பார்த்து, தொண்டை கரகரக்க:

"கேளுங்க எல்லாரும்! என்ட பேரன் இண்டையிலிருந்து மைக் ராத்தாட புள்ள! என்ட பேத்திக்குத் தம்பி!"

உள்ளே ராத்தா என் காதுக்குள், "மாமிக்குக் குரல் பத்தாது, மூலைக் கடை வரைக்கும் போகாது" என்று குசுகுசுத்தாள். அவளுக்குக் குசுகுசுக்கவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இப்போதும் தினமும் வருகிறாள். மகள் வீடு வந்துவிட்டாள், இன்னும் பால் சரியாக ஊறவில்லை. அவன் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கினாலும் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன், அந்தப் பயம் போகவில்லை.

சரி, எனக்கு ஒரு கை உதவு, பால் ஊறட்டும் என்று அடுப்பில் வைத்த பால்சுறா மீன் அவிந்திருக்கும். உதிர்த்து வறை வறுக்க வேண்டும். மிளகாயைக் குறைத்துப் போடு, ராத்தா தின்பது பிள்ளைக்குப் போகும் என்று ஆசியா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முதல் சோற்றுக் கோப்பை ராத்தாவுக்கு. என் வயிற்றில் பிறந்தவளுக்கு அதற்குப் பிறகுதான்.