துடுப்பு என்று நினைத்துத் துவக்கு செய்த கதை

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு துவக்கு, அதாவது துப்பாக்கி, செய்திருக்கிறேன். செய்து முடியும்வரை அது துடுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள். (என் மனைவி வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.) துவக்குச் சத்தம் கேட்காத ஓர் ஊரில் போய் இருந்தால் போதும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவன் நான். அப்படி ஓடி வந்தவன், டென்மார்க்கில் வந்து இறங்கிய அடுத்த குளிர்காலத்திலேயே ஒரு துவக்கை மடியில் கிடத்தி, சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன் என்றால், என் மூளையைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சில்க்போர்க்கில் நானும் யோகனும் ஓர் அறையில் இருந்தோம். மேல்மாடியில் செல்லத்துரை அண்ணை. ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். வயதிலும் குரலிலும் எங்களுக்கு மூத்தவர். டேனிஷ் எங்களைவிடக் குறைவு, தைரியம் எங்களைவிடக் கூட.

அந்த ஊரில் எங்களுக்கென்று திறந்த கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை கடைசித் தரிப்பு வரைக்கும் காலியாகவே வரும். கடைக்காரர் மிச்சக் காசை என் கையில் தராமல் மேசையில் வைப்பார். ஆனால் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்த ஸ்வென் என்பவரும் அவருடைய மனைவி இங்காவும், தேவாலயத்து ஆட்கள் அறிமுகப்படுத்திய முதல் நாளிலேயே என்னை உள்ளே கூப்பிட்டு இருத்திச் சாப்பாடு தந்தார்கள். என் மெல்லிய ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு இங்கா தன் மகனின் குளிர்க்கோட்டை எடுத்து எனக்குப் போட்டுப் பொத்தானும் பூட்டிவிட்டா. நான் மனதுக்குள் அவவை அக்கா என்றே கூப்பிட்டேன். அந்த வீடு மட்டும் இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்தில் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

சனிக்கிழமைகளில் அங்கே போவேன். ஸ்வென் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நீளமான, மண்ணிற வால்நட் மரம். ஒரு நுனி ஒடுக்கம், மறு நுனி அகலம். சில்க்போர்க்கோ ஏரிகள் சூழ்ந்த ஊர். இந்த ஊரில் ஒருவர் இப்படி ஒரு மரத்தைச் செதுக்கினால் அது துடுப்பு இல்லாமல் வேறென்ன? (நடுவிலே நெடுக்க ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. தண்ணீர் வழிந்தோடுவதற்கு என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.) அவர் சாண்ட்பேப்பரைத் தர, நான் தேய்ப்பேன். பேச்சு வராத இருவருக்கும் அது நல்ல வேலையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, வகுப்பில் படித்த டேனிஷைக் கொஞ்சம் காட்டலாம் என்று, “போத்?” என்று கேட்டேன். படகா என்று அர்த்தம்.

ஸ்வென் விழுந்து விழுந்து சிரித்தார். “நை, நை! ஃபொலேதர்!” என்றார். பிறகு இரண்டு விரல்களைக் கிட்டக் கிட்டப் பிடித்துக் காட்டி, “லில்ல காலீபா” என்றார். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாகி ஒரு முழு வசனம் சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: லோப், டூஸ்க்லன், லோர்தா. சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

என் கையிலிருந்த துடுப்பு நழுவிக் காலில் விழுந்தது.

ஏனென்றால் அந்தக் கிழமைதான் வகுப்பில் ஆசிரியை, ‘ஃபொலேதர்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதிப் படிப்பித்திருந்தா. விட்டுவிட்டுப் போகிறான் என்று பொருள். அவ கொடுத்த உதாரண வசனம்: மனிதன் தன் மனைவியை விட்டுவிட்டுப் போகிறான். லில்ல என்றால் சின்ன. லோப் என்றால் ஓட்டம். டூஸ்க்லன் ஜெர்மனி. லோர்தா சனிக்கிழமை. காலீபா மட்டும் தெரியாத சொல். தெரியாத சொல் என்றால் அது ஆளின் பெயராகத்தானே இருக்க வேண்டும்? கூட்டிப் பார்த்தேன். சின்னக் காலீபாவோடு வருகிற சனிக்கிழமை ஜெர்மனிக்கு ஓட்டம். அதற்குத்தான் துடுப்பு. (டென்மார்க்கின் நடுவிலுள்ள ஏரியிலிருந்து ஜெர்மனிக்கு வலித்துக்கொண்டு போக முடியாது என்பது அந்த அதிர்ச்சியில் எனக்குத் தோன்றவே இல்லை.)

அந்த நேரம் பார்த்து இங்கா கோப்பியும் கேக்கும் கொண்டுவந்தா. நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இந்த மனுசி இப்படி ஒன்றும் அறியாமல் கேக் வெட்டிக்கொண்டு நிற்கிறாவே என்று நினைத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் யோகன் கேட்ட முதல் கேள்வி, “பெட்டை வடிவோ?” என்பது. செல்லத்துரை அண்ணை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“உந்த வயசில உந்தாளுக்கு என்ன கோதாரி! பேரப்பிள்ளை காணுற வயசில காலீபா கேக்குதோ? நாங்கள் போய்க் கதைக்கோணும்.”

“அண்ணை, இஞ்ச அப்பிடி ஒருத்தரும் போய்க் கதைக்கிறேல்லை.”

“அப்ப அந்தப் பிள்ளை ஆரிட்டச் சொல்லி அழுறது? அவவுக்குக் கேக்க ஆக்கள் இல்லையெண்டு நினைச்சுத்தானே அந்தாள் துணியுது? இல்லையோ? நாங்கள் இருக்கிறமெண்டு காட்டோணும்.”

எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதி பிரியப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நாலு பெரிய மனிதர்கள் வெளிக்கிட்டுப் போய், தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் இருந்து, பேசித் தீர்க்காமல் எழும்ப மாட்டார்கள். அதை அப்படியே சில்க்போர்க்கில் செய்வது என்று தீர்மானம் ஆயிற்று. நாலு பேர் கிடைக்கவில்லை, மூன்று பேர்தான்.

சனிக்கிழமை அண்ணை கோட், டை. யோகன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். நல்ல காரியம் கதைக்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று அண்ணை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி என் கையில் தந்தார். பஸ்ஸில் எங்களையும் வாழைப்பழத்தையும் சனம் மாறி மாறிப் பார்த்தது.

போய்ச் சேர்ந்தால் இங்கா வீட்டுக்குப் பின்னால், பனிக்குள், ஒரு சின்ன அடுப்பு மூட்டி இரும்புச் சட்டியில் எதையோ உருக்கிக்கொண்டிருந்தா. எட்டிப் பார்த்தோம். சட்டிக்குள் வெள்ளி நிறத்தில் தளதளவென்று இருந்தது.

அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார். “ஐயோ தம்பி, தன்ரை சீதன வெள்ளியை உருக்குறா!”

இங்கா எங்களைக் கண்டதும் சந்தோசமாகக் கை காட்டினா. அழுத கண் மாதிரித் தெரியவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னேன். “இங்கா, ஸ்வென்... ஃபொலேதர். எங்களுக்குத் தெரியும்.”

“ஆமாம், ஆமாம்! உன்னிடமும் சொல்லிவிட்டாரா?” என்றா. (இங்கா எனக்காக எப்போதும் மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களில் பேசுவா. அதனால் அவவின் டேனிஷ் மட்டும் எனக்கு விளங்கும்.) “எத்தனை வருசத்து ஆசை தெரியுமா? நான்தான் சொன்னேன், வயதாகிறது, இனியும் ஏன் காத்திருக்கிறாய் என்று.”

“லில்ல காலீபா?” என்று கேட்டேன்.

“சின்னதுதான் நல்லது. பெரிதென்றால் அவருடைய தோள் தாங்காது.”

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“அவவுக்கு எல்லாம் தெரியுமாம் அண்ணை. சின்னனெண்டபடியால் பரவாயில்லையாம். பெரிசெண்டால் அவரின்ரை தோள் தாங்காதாம்.”

“தோளில தூக்கிக்கொண்டே திரியப் போறான்?”

“எங்கே... வைத்திருப்பார்?” என்று இங்காவிடம் கேட்டேன். (டேனிஷில் ஆளுக்கு ‘அவள்’, பொருளுக்கு ‘அது’ என்று வெவ்வேறு சொல் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

“படுக்கையறையில், கட்டிலுக்கு மேலே என்றார். நான் சம்மதிக்கவில்லை. அலமாரிக்குள் வைத்துப் பூட்டு என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் தருவாராம்!”

கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணைக்கு ஏற்கெனவே பிரஷர். அலமாரிக்குள் பூட்டுகிற விஷயத்தைக் கேட்டதற்கே அவர் பனி மூடிய வாங்குப் பலகையில் பொத்தென்று இருந்துவிட்டார்.

இங்கா பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினா. அதற்குள் சின்னச் சின்ன உருண்டைகள், பளபளவென்று. “எல்லாம் நானே வார்த்தது” என்றா பெருமையாக.

அண்ணை ஒன்றை எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “மணியடா தம்பி. சக்களத்திக்கு மாலை கோர்க்க மணி செய்யுறா. இப்பிடியும் ஒரு மனுசியோ!” என்றார். யோகன், “துளை ஒண்டையும் காணேல்லையே அண்ணை” என்றான். அவனை நாங்கள் இருவரும் பொருட்படுத்தவில்லை.

அந்த நேரம் கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. “முடிந்தது!” என்று கத்திக்கொண்டு ஸ்வென் வெளியே வந்தார். கையில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு துவக்கு.

அடுத்து நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, எங்கள் உடம்புதான் பொறுப்பு. யோகன் வேலிச்செடியைத் தாண்டி அடுத்த வளவுக்குள் போய் விழுந்தான். அண்ணை கோட்டும் டையுமாகப் பனியில் குப்புறப் படுத்துத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் வாழைப்பழச் சீப்போடு இரண்டு கைகளையும் உயர்த்தியபடி அப்படியே நின்றேன்.

அந்தக் கணத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் இதுதானா என்று நினைத்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது: அந்தத் துவக்கின் கட்டை, நான் தேய்த்த கட்டை. அதன் ரேகை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். கடவுளே, துவக்குக்குப் பயந்து ஓடி வந்து துவக்கா செய்துகொண்டிருந்தேன்!

ஸ்வென் குளிர்காலம் முழுக்கச் செதுக்கிய அந்தப் பொருளை ஈரப் பனியில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, அண்ணைக்குப் பக்கத்தில் பனியில் முழங்காலில் இருந்து, “மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள்” என்று அவருடைய முதுகைத் தடவினார். இங்கா அடுப்பை அணைத்துவிட்டு என் கையிலிருந்து வாழைப்பழத்தை மெதுவாகக் கழற்றி எடுத்தா.

உள்ளே போய்க் கோப்பி குடிக்கும்போது ஸ்வென் படம் போட்டு விளங்கப்படுத்தினார். சொல்லின் தலையை அழுத்திச் சொன்னால் ஃபொலேதர் என்பது குழாயின் முன்பக்கத்தால் வெடிமருந்து போடுகிற பழையகாலத்துத் துவக்கு. நடுவை அழுத்திச் சொன்னால் மனைவியை விட்டுவிட்டுப் போவது. ஒரு குடும்பத்தின் தலைவிதியை அழுத்தத்தில் கொண்டுபோய் வைத்த பாஷை இது! லோப் என்றால் ஓட்டமும்தான், துவக்குக் குழாயும்தான். சனிக்கிழமை ஜெர்மனியிலிருந்து வந்து சேர இருந்தது அந்தக் குழாய். காலீபா என்பது குழாய் வாயின் அளவு. இங்கா உருக்கியது ஈயம், வார்த்தது சன்னம், அதாவது துவக்குக் குண்டு. குறி பார்த்துச் சுடும் கழகத்தில் வைத்துக் கடதாசி இலக்குக்குச் சுடுவதற்கு.

“எடேய், இது எங்கட இடியன் துவக்கெல்லோ!” என்றார் அண்ணை, சால்வை போர்த்தி உட்கார்ந்தபடி. “வாயால மருந்து போட்டு இடிக்கிறது. இதை முதலே சொல்லியிருந்தால் நான் டை கட்டியிருக்க மாட்டன்.”

அப்போது இங்கா அந்தக் கேள்வியைக் கேட்டா. “சரி, நீங்கள் மூன்று பேரும் எதற்காக வந்தீர்கள்?”

முடிந்தது, இந்த வீடும் இன்றோடு போயிற்று என்று நினைத்தேன். ஒரு மரியாதையான மனிதரைப் பெண் பித்தன் என்று நினைத்து, ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எந்த முகத்தோடு இனி இந்தப் படியேறுவது? தலையைக் குனிந்துகொண்டு அரைகுறை டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னேன், காலீபா உட்பட.

ஸ்வென் மேசையில் தலையை வைத்து, தோள் குலுங்கச் சிரித்தார். இங்கா சிரிக்கவில்லை. “அவர் உண்மையாகவே போயிருந்தால்?” என்று அண்ணையைப் பார்த்துக் கேட்டா.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை போஸ்ட் மாஸ்டர் இங்கிலீஷில் நிமிர்ந்திருந்து சொன்னார்: “மேடம், நாங்கள் ஜெர்மனிக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்போம்.” (எங்களுக்கு அப்போது டென்மார்க்கை விட்டு வெளியே போக ஒரு துண்டுத் தாளும் இருக்கவில்லை.)

இங்கா சிரிக்கத் தொடங்கினா, சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தா. “என் சொந்தத் தம்பி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், ஸ்வென். நீ போனால் அவன் கேக்குக்குக்கூட வர மாட்டான்” என்றா. அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் சாப்பிட வர வேண்டும் என்று உத்தரவு போட்டா. யோகனை வேலிக்கு மேலால் இல்லாமல் வாசலால் வரச் சொன்னா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு புதுச் சட்டம். ஸ்வென் பாத்திரம் கழுவவில்லை, பனி அள்ளவில்லை, கழகத்திலிருந்து நேரத்துக்கு வரவில்லை என்றால் இங்கா தொலைபேசியில் கையை வைப்பா. “தமிழர்களைக் கூப்பிடட்டுமா?” ஸ்வென் உயிரோடு இருந்த கடைசி வருசம்வரை அந்த மிரட்டல் வேலை செய்தது.

ஸ்வென் போய்விட்டார். அண்ணையும் போய்விட்டார். இங்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சின்னக் கொளுவல். காரணம் ஞாபகமில்லை. நான் கோபத்தில், “நான் போறன்!” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். உண்மையில் பால் வாங்கத்தான் போனேன். ஏரியைச் சுற்றி நடந்து வந்ததில் கோபமும் ஆறிவிட்டது.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் கூடத்தில் இங்கா. அவவின் இரு பக்கத்திலும் அவவின் பின்னல் வகுப்புச் சிநேகிதிகள் இருவர். மூவரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். கோப்பி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். என் மனைவி கையில் தொலைபேசியோடு குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

“இரு” என்றா இங்கா, எதிர்க் கதிரையைக் காட்டி.

நான் பாலைத் தூக்கிக் காட்டினேன். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மூவரும் மறுத்துவிட்டார்கள்.