மால்டாக்காரரும் ஆறு எம்.பி.க்களும்

நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு மால்டா நாட்டு எம்.பி.க்களுக்குக் குறை எழுதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்; மற்றபடி ‘மால்டாக்காரர்’.

ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்தும் பாராளுமன்றத்துக்கு, மால்டா என்கிற குட்டித் தீவு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. இதைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து அந்த ஆறு பேர்தான் அவருக்குச் சொந்தபந்தம்.

“ஏனுங்ணா, நம்ம எம்.பி.க்கு எழுதக் கூடாதுங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவருக்கு எத்தன லச்சம் சனம் சாமி! மால்டா சனம் நம்ம ஜில்லாவுல பாதிகூட வராது. அவிங்க சும்மாதான இருப்பாங்க, படிப்பாங்க.”

பஸ் ஸ்டாண்டு குழி, சேந்தமங்கலம் ரோட்டில் எரியாத விளக்கு, மேனேஜர் லீவு தராதது, எல்லாம் மால்டாவுக்கு மெயிலில் போயின. ஒரே ஒருமுறை பதில் வந்தது: ‘இது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது.’ அதை லேமினேட் செய்து மேஜைமேல் வைத்தார். “வரம்புதான் இல்லீங்களாம். மனசு இருக்குது பாருங்க!”

ஒருநாள் எருமப்பட்டியிலிருந்து சரோஜா வந்தாள். எங்களிடம் லாரி ஓட்டிய செல்வராசுவின் மனைவி. அவன் மால்டாவுக்கு டிரைவர் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

“ஒம்பது நாளா போனு போகலீங்க. அனுப்பிவெச்ச ஏஜென்டும் எடுக்க மாட்டேங்கறாருங்க.”

எல்லோரும் மால்டாக்காரரைப் பார்த்தோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“இத்தன நாளும் வெளையாட்டா எழுதிப்போட்டனே சாமி. இப்ப என்ன எழுதறதுன்னே தெரியலியே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குழியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவருக்கு, நான்கு வரி எழுத மத்தியானம் வரை ஆனது. பாஸ்போர்ட் நகலோடு ஆறு பேருக்கும் அனுப்பினோம்.

அதன்பிறகு அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஐந்தாம் நாள் காலை, ஆறு பேரில் ஓர் அம்மாளின் உதவியாளர் பதில் எழுதியிருந்தார். செல்வராசுவுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன். போன் உடைந்துவிட்டது. இப்போது நலம், இன்று ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவார்.

உடனே சரோஜாவுக்குப் போனில் சொன்னேன். அவள் நம்பவில்லை. “என்னையத் தேத்தறதுக்குச் சொல்றீங்க” என்று அழுதாள். மால்டாக்காரர் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு எருமப்பட்டி பஸ்சில் ஏறிவிட்டார். பின்னாலேயே நானும்.

கடிதத்தைத் தமிழில் சொன்னார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வர வர, முதலிலிருந்து மறுபடி சொன்னார். ஏழாவது தடவை, “செல்வராசு ரெண்டு இட்லி சாப்பிட்டாரு” என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது போன் அடித்தது. “மாமா…” என்றாள் சரோஜா. மால்டாக்காரர் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரில் வெகுநேரம் முகம் கழுவினார்.

திரும்பும் பஸ்சில், ஏறியதுமே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது; குறட்டைக்கு நாலு சீட் திரும்பிப் பார்த்தது. நான் இறங்கவேண்டிய ஸ்டாப் வந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.