வரைபடத்தில் விட்டுப்போன தீவு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கடலுக்குள் போன ஒரு பெரிய நாகரிகத்தின் கதை சொல்கிறேன். அது எப்படிப் போனது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

துறைமுக அலுவலகத்தில் கடல் வரைபடம் எழுதுகிறவருக்கு அன்று காலையிலேயே வியர்த்துக் கொட்டியது. எதிரே ஒரு கப்பல் தலைவர். ஒரு கையில் புதுப் படம், மறு கையில் தன்னுடைய பழைய பிரதி.

“பழசுல இங்க ஒரு தீவு இருக்கு. சுத்திப் பாறைன்னு போட்டிருக்கு. எங்கப்பா காலத்துலேருந்து அந்தப் பக்கமே போகாம ஒதுங்கித்தான் போறோம். புதுசுல தீவைக் காணோமே?”

வரைபடக்காரர் பார்த்தார். எழுதும்போது விட்டுப்போயிருந்தது. புதுப் படம் முடிந்ததும் மூலப் படம் எழுதியிருந்த ஆட்டுத்தோலைக் கழுவி, அடுத்த படத்துக்குக் காயவைப்பது அந்த அலுவலக வழக்கம். கழுவியாயிற்று. காய்ந்தும் ஆயிற்று.

ஒரு தீவையே விட்டுவிட்டேன் என்றால் வேலை போகும். வேலையோடு வந்த வீடும் போகும். வீட்டில் மனைவி, பிள்ளைகள், போதாததற்கு இதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்று, அதை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மாமனார்.

“அது முழுகிடுச்சு,” என்றார்.

“எப்போ?”

“இப்பதான். ஒரே நாள்ல.”

கப்பல் தலைவர் தலையைச் சொறிந்தபடி வெளியே போனார். நேராக அதிகாரியின் அறைக்குத்தான்.

அதிகாரி கூப்பிட்டனுப்பினார். “ஒரு தீவே போயிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஐயா.”

“தகவல் எப்படி வந்துச்சு?”

“கடல் வழியா.”

“ஜனங்க இருந்தாங்களா அங்க?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆளில்லாத தீவுக்கா என் மனசு கஷ்டப்படும் என்று கேட்டுவிட்டால்? “இருந்தாங்க ஐயா. நல்ல ஜனங்க. வீதியெல்லாம் கல்லு பாவி, மாடி மாடியா வீடு கட்டி... படிச்சவங்க.”

அவ்வளவுதான். அறிஞர்கள் வந்து இறங்கினார்கள். எரிமலை என்றார் ஒருவர். பூகம்பம் என்றார் இன்னொருவர். தகவல் சொன்னவரே முடிவு சொல்லட்டும் என்று இவரைப் பிடித்துக்கொண்டார்கள். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று, “முதல்ல ஆடுச்சு, அப்புறம் எரிஞ்சுது, கடைசியா முழுகுச்சு,” என்றார். இருவருமே கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு புத்தகம் எழுதப் போனார்கள்.

பிறகு சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள்.

“எங்க தாத்தா அங்க அரண்மனையில ரொட்டி சுட்டவரு,” என்று கண்ணைத் துடைத்தார் கடைத்தெரு ரொட்டிக்காரர். மறுநாள் அவர் கடையில் நிற்க இடமில்லை. அதைப் பார்த்துத் தையல்காரருக்கும், முடிதிருத்துகிறவருக்கும் தாத்தாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அத்தனை பேரும் அரண்மனையில்தான் வேலை பார்த்திருந்தார்கள்.

‘இவ்வளவு பேர் வாழ்ந்த ஊரையா விட்டுத் தொலைச்சேன்’ என்று வரைபடக்காரரே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி மறுபடி கூப்பிட்டார். “கப்பல் தயார். முழுகித் தேட ஆளும் தயார். இடத்தைக் காட்ட நீங்களும் வரணும். நாளைக்கே.”

அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“ஒரு தீவையா விட்டீங்க?” என்றாள் அவள். “ஆச்சரியம் என்ன, கடைக்கு உப்பு வாங்கப் போனா உப்பையே விட்டுட்டு வர்றவர்தானே.”

“கேலி பண்ணாதே. நாளைக்குக் கப்பல் போய் நிக்கும். தீவும் அங்கேயே நிக்கும். கரையில நின்னு அந்த ஜனங்க கை ஆட்டுவாங்க. நம்ம கதை அதோட சரி. சாமானைக் கட்டு.”

மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். “எந்தத் தீவு மாப்பிள்ளை? சுத்திப் பாறை போட்டிருக்குமே, அதுவா?”

“அதேதான் மாமா.”

“அப்ப தைரியமா போயிட்டு வாங்க. அந்தப் படத்தை வீட்டுல வச்சுத்தான் எழுதினேன். இவ அப்போ கைக்குழந்தை. வீல்னு ஒரு கத்து கத்துனா, என் கை ஆடிப்போச்சு. யாரும் கிட்டப் போய்ப் பார்த்துடக் கூடாதேன்னு சுத்திப் பாறையைப் போட்டு வச்சேன். உள்ள இருந்தது என் பேனாவுலேருந்து சொட்டின மை.”

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சிந்துவதெல்லாம் துடைத்தால் போய்விடட்டும். பிள்ளைகள் வீலென்று கத்தினாலும் உங்கள் கை ஆடாதிருக்கட்டும். வீட்டோடு எல்லோரும் வயிறார, மனசார இருங்கள்.