எதிரியில்லாதவன் கட்டிய பேனர்

வாழி, அலபாதி! எதிரியே இல்லாத போர்க்களத்தில் எந்நாளும் வாகை சூடும் ஏந்தலே, வாழி! கடல்சூழ் தீவகத்தின் கூரைதொறும் கம்பி இழுத்து, வேறொரு கம்பி எவருக்கும் வாய்க்காத வண்ணம் ஒளி வழங்கும் ஒருதனி மின்கழகத்தின் விளம்பரப் பெருந்தளபதியே! வாங்கியே தீரவேண்டிய மாந்தரிடம் ‘வாங்குக, வாங்குக’ என்று உருகி வேண்டும் சொல்வேந்தே! உன் புகழ் பாட என் நாக்கு போதாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது!

அத்தகைய வீரனின் நெஞ்சிலும் ஒரு முள் தைத்தது. கழகத் தலைவி எசெதா ஒருநாள் அவனை அழைத்து, எதிரில் நிற்கவைத்துக் கேட்டாள்.

“நம்மள விட்டா இந்த ஜனங்களுக்கு வேற கரண்டே கிடையாது. அப்புறம் எதுக்குப்பா விளம்பரம், எதுக்கு நீ?”

சனிக்கிழமை நடக்கும் கிரிகிதி என்னும் தீவு மட்டைப்பந்தின் இறுதியாட்டத்துக்குள் பதில் வராவிட்டால் பதவி ஒழியும் என்றாள் அவள். பாவம், மனிதனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஊரே திரண்டு வந்து நீள்மட்டை சுழற்றிக் கிரிகிதி ஆடுகிற திடலில், ஊர்ச்சபையார் அமரும் நிழலுக்கு நேர் எதிரே, இரண்டு தென்னங்கம்பங்களுக்கு நடுவே, ஒரே ஒரு பேனருக்கு மட்டும் இடம் உண்டு. அதைக் கைப்பற்றினால் பதவி பிழைக்கும் என்று துணிந்து, வெள்ளிக்கிழமை மாலை, ‘எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி’ என்று பொறித்த மஞ்சள் கொடியைத் தோளிலும், ஆணிகளை வாயிலும், சுத்தியலை இடுப்பிலும் தாங்கி, சினவேழம்போல் வந்தான் அலபாதி. அந்தோ! வலக் கம்பத்தின் உச்சியில், ‘உங்கள் முதல் விருப்பம் நாங்களே’ என்ற நீலக்கொடியோடு, தீவின் ஒரே குடிநீர்க் கழகத்து விளம்பரத் தளபதி, மலைத்தோள் தனியேலு, ஏற்கெனவே குந்தியிருந்தான்! மின்னுக்கு எதிரி மின்னில்லை, நீருக்கு எதிரி நீரில்லை. மல்லுக்கட்ட ஆளின்றித் தினவெடுத்த தோள்கள் நான்கும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

இடக் கம்பத்தில் தாவினான் அலபாதி. மஞ்சளை நீலம் மறைத்தது. நீலத்தை மஞ்சள் போர்த்தது. கயிறுகள் நாகங்களாய்ப் பின்னின. அலபாதியின் செருப்பு ஒன்று வீரமரணம் எய்தி மண்ணில் வீழ்ந்தது. இறங்குபவன் தோற்பான் என்பதால் இருவரும் இறங்கவில்லை.

அப்போது சங்கு ஊதியது.

அந்திச் செபத்துக்கான சங்கு அது. அது ஒலித்தால் நடப்பவன் அமர்வான்; பேசுபவன் வாய் மூடுவான்; ஊர் முழுதும் வீட்டுக்குள் தலை கவிழும். அந்த நெடுமௌனத்தில், கம்பத்தின் மேலிருந்த அலபாதிக்கு ஒரே ஓர் ஆணிதான் பாக்கி. எத்தனையோ நேரம் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. அடித்துவிட்டான்.

அந்த ஓசை வீடுதோறும் கேட்டது.

செபம் முடிந்ததும் ஊர்ச்சபை கூடியது. அதே ஊர்க்காரியான எசெதாவும் சபையில் இருந்தாள். செபவேளையிலும் கம்பத்தை விட்டு இறங்காத இருவரும், ஊர் வழக்கப்படி, பெட்டி பெட்டியாக டின் மீன் அபராதம் கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு ஊர்த்தலைவர் துயாலா, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

“விளக்குக்கு உன்னை விட்டா எனக்கு வழியில்ல. குழாய்க்கு அவனை விட்டா வழியில்ல. அப்புறம் யாரை ஜெயிக்கடா மரமேறுறீங்க?”

அலபாதி, போனால் போகட்டும் பதவி என்று, உள்ளதைச் சொன்னான்.

“ஐயா, போட்டி இருக்கிற கடையில கோவம் வந்தவன் அடுத்த கடைக்குப் போயிடுவான். எங்ககிட்ட கோவம் வந்தவன் எங்க போவான்? எங்ககிட்டயே இருந்துக்கிட்டு ஆயுசுக்கும் திட்டுவான். அத்தனை பேருக்கும் எங்களைக் கொஞ்சமாவது பிடிக்கணும்ல? அதுக்குத்தான்.”

சபை சிரித்து உருண்டது. எசெதா மட்டும் சிரிக்கவில்லை.

“இது பதில். வேலை உனக்கு உண்டு,” என்றாள். “ஆனா பேனரு வேணாம். நாளைக்கு அந்தக் கம்பத்துக்கு நடுவுல நீயே உக்காரு. திட்டுறவங்க நேர்ல வந்து திட்டட்டும்.”

விடிந்தது வெற்றித் திருநாள்! வெண்பிளாஸ்டிக் அரியணையில், தென்னங்கம்பத் தோரணவாயிலின் நடுவே, தன் பதவியைத் தானே காத்த தனிப்பெருந்தலைவன் வீற்றிருந்தான், மட்டைகள் முழங்கின, மாந்தர் மகிழ்ந்தனர், குறைசொல்ல வந்த குடிகளின் வரிசையோ, திடலைச் சுற்றி வளைந்து, தேவாலயத்தைத் தாண்டி, கடற்கரை மணல்வரை கரைபுரண்டு நீண்டது, அவ்வெள்ளத்தை எதிர்கொள்ள மார்பு விரித்து, தலை நிமிர்ந்து, முதல் குடியை வருக என்று கையசைத்து அழைத்தான் அண்ணல் அலபாதி.

முதலில் வந்தவன் தனியேலு. வியாழக்கிழமையிலிருந்து அவன் வீட்டில் கரண்ட் இல்லை.