மோர்பின் ஊசியும் ட்ரமடோல் குளிசையும்

வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் ஆம்பிளைக்கு அழகு என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இன்னும் வயிறு கிழிபடவில்லை என்று அர்த்தம். எனக்குக் கிழித்தார்கள். றொசல்லப் பக்கம் வாத்தியாராக இருந்தபோது, குடல்வாலை வெட்டியெடுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டிருந்தார்கள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மகள் சுகந்தியை எனக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நோயாளியைப் பார்க்கிற சாக்கில் மாப்பிள்ளையைப் பார்க்க, மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனுசன்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்புதான் எனக்கு மோர்பின் ஊசி போட்டிருந்தார்கள். வலி போன இடம் தெரியவில்லை. கூடவே வெட்கமும் போய்விட்டது. அம்மா என் பெருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குடிக்கமாட்டான், கோபப்படமாட்டான், முடியைப் பாருங்க, எவ்வளவு கறுப்பு என்று.

"டை அடிக்கிறேங்க" என்றேன்.

அம்மா காலைக் கிள்ளினார். மருந்தில் அது உறைக்கவே இல்லை. சனிக்கிழமையானால் கொஞ்சம் சாராயம் எடுப்பதையும், கண்டாக்கையாவின் மீசைக்குப் பயந்தே சம்மதம் சொன்னதையும், பொண்ணு போட்டோவைவிட நேரில் எவ்வளவோ லட்சணம் என்பதையும் வரிசையாகச் சொன்னேனாம். (எனக்கு ஞாபகம் இருப்பது மூக்கு அரித்ததும், சுகந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டதும்தான்.)

மறுநாள் ஊசியை நிறுத்திவிட்டு, விழுங்கச் சொல்லி ட்ரமடோல் குளிசை கொடுத்தார்கள். வலி முக்கால்வாசிதான் அடங்கியது, ஆனால் நாக்கு முழுசாக அடங்கிவிட்டது. பின்னேரம் கண்டாக்கையா தனியாக வந்து நின்றார். மன்னிப்புக் கேட்போமென்று எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன். தலை சுற்றியது. வார்த்தைக்குப் பதிலாகக் கஞ்சி வந்தது, அவருடைய வெள்ளைக் காற்சட்டை மேலே.

நர்சம்மா ஓடிவந்து, இந்தக் குளிசை சில பேருக்குக் குமட்டும் என்று சமாதானம் சொன்னார். சம்பந்தம் முடிந்தது என்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

கண்டாக்கையா காற்சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மக உங்களத்தான் கட்டுவேன்னு நிக்கிறா. இதுவரைக்கும் வந்த மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தரும் உண்மை பேசலையாம்."

பேசியது நானில்லை, மருந்து என்று சொல்லத்தான் நினைத்தேன். மறுபடி குமட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் நான் பிந்தி வந்து ஸ்கூல் மீட்டிங் என்று இழுத்தால், சுகந்தி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, "அப்பாவுக்கு அந்த ஊசியப் போடுங்க" என்பாள்.

பக்கத்தில் மாமனார் இருந்தால், காலைக் கொஞ்சம் எட்ட நகர்த்திக்கொண்டு சொல்வார்:

"ஊசின்னா போடுங்க. குளிசை மட்டும் குடுத்துறாதீங்க."